சம்பந்திக்குக் கொடுத்த பூ டீ

எனக்குக் கோபம் வரும். எவ்வளவு வரும் என்று யாராவது கேட்டால் அதற்கும் வரும். கரியாலூரில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் எரிந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் நல்லவன் என்பதால் அல்ல. பக்கத்தில் வேறு கடை இல்லை. (இருந்திருந்தால் நாம் என்றைக்கோ பட்டினி கிடந்திருப்போம் என்று என் மனைவி வசந்தா சொல்வாள். உண்மைதான்.)

"வோல்டேஜ் கம்மியா இருக்கும்போது ஏன்யா ஓட்டுன? மோட்டாரு இன்னா ஒன் மாமனாரா, எவ்ளோ இழுத்தாலும் தாங்கிக்கினு இருக்கறதுக்கு?" இப்படித்தான் நான் வாடிக்கையாளரை வரவேற்பேன்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி, பூச்செடி வளர்த்து, பூவைப் பறித்து, காயவைத்து, டீ போட்டேன். அந்த டீயால் என் மகளின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது, இப்போது சொல்லலாம்.

என் மகள் சுகன்யா கள்ளக்குறிச்சியில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு தடவை லீவில் வந்தபோது பிரஷர் பார்க்கும் கருவியை என் கையில் கட்டினாள். பார்த்தாள். கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் அம்மாவுக்குக் கட்டிப் பார்த்தாள். கருவி நன்றாகத்தான் இருந்தது. மறுமுறை வரும்போது ஒரு விதைப் பாக்கெட் கொண்டுவந்தாள்.

"ப்பா, இது கெமோமைல். சீமைச் சாமந்தின்னு சொல்றாங்க. இத்த வளத்து, பூவுல டீ வச்சிக் குடி. மனசு அமைதியாவும்."

"எனக்கு இன்னா அமைதி கொறச்சல்?"

"இப்பக் கேட்டியே, அந்தக் கொரலுக்குத்தான்."

விதை மூக்குப்பொடி மாதிரி இருந்தது. தும்மினால் தோட்டமே போய்விடும். ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில், வேர்க்கடலை போடுவதுபோல விரல் ஆழத்துக்குக் குழி போட்டு, கிள்ளிக் கிள்ளி வைத்து, மேலே எருவைப் போட்டு மூடி மிதித்துவிட்டேன். பதினைந்து நாள் பார்த்தேன். மண் இருந்தது. இருபது நாள் பார்த்தேன். மண் அப்படியேதான் இருந்தது. போனில் மகளைப் பிடித்துக் கத்தினேன்.

"எவன் கிட்ட ஏமாந்துட்டு வந்த? மண்ணத்தான் பொட்டலம் கட்டி வித்துருக்கான்."

"எப்பிடிப் போட்ட?"

சொன்னேன்.

"ப்பா, அது மேலால தூவி வுடற வெதை. மூடவே கூடாது. அதுக்கு வெளிச்சம் படணும். நீ பொதைச்சிட்டு, மேல ஏறி மிதிச்சிட்டும் வந்துருக்க."

பாக்கெட்டில் பாதி மிச்சம் இருந்தது. இந்த முறை மணலில் கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அமுக்கி, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து தண்ணீர் விட்டேன். (அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். நான் மண்ணைத் தடவிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போனார்.) பத்து நாளில் பச்சையாக முளைத்தது. கேரட் இலை மாதிரி, அதைவிட மெலிதாக. எங்கள் மலையில் மார்கழி, தை இரண்டு மாதமும் விடிந்து வெகுநேரம் பனி நிற்கும். அந்தக் குளிர் அதற்குப் பிடித்துவிட்டது. தை கடைசியில் பாத்தி முழுக்கப் பூ. நடுவில் மஞ்சள் மேடு, சுற்றிலும் வெள்ளை இதழ்.

"வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் போடுவமே, வேலியோரத்துப் பூ, அது மாதிரி இருக்குது" என்றாள் வசந்தா. "இதுக்கா மூணு மாசம் கொஞ்சிக்கினு இருந்த?"

பறித்த பூவைச் சுடுதண்ணீரில் போட்டு மூடிவைத்து, வடிகட்டி, மலைத்தேன் விட்டுக் குடித்தேன். ஆப்பிள் பழத்தை நறுக்கினால் வருமே, அந்த மணம். உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாக இருந்தது. அன்றைக்கு எரிந்த மோட்டாரோடு வந்தவரிடம் "உக்காருங்க, பாக்கலாம்" என்றேன். அவர் பயந்துபோய், "இன்னாண்ணே, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார்.

மாசி மாதம் சுகன்யா வந்து விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை செய்யும் தினகரன் என்ற பையனைப் பிடித்திருக்கிறதாம். பையனின் அப்பா கலியமூர்த்தி, உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரம் ஹோட்டல் வைத்திருக்கிறார். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போகும் ஹோட்டல். அவரும் அவர் மனைவியும் வைகாசியில் நம் வீட்டுக்கு வந்து எல்லாரையும் பார்க்கவேண்டும் என்கிறார்களாம்.

"பையன் நல்ல பையன்தான?" என்று கேட்டேன்.

"நல்லவன்தான் ப்பா. ஒரு தடவ ஒங்கிட்ட போன்ல கூட பேசியிருக்கான்."

"எப்ப?"

"‘சுகன்யா இருக்காங்களா’ன்னு கேட்டான். நீ ‘எந்த நாய்டா அது’ன்னு கேட்ட."

ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"ப்பா, ஒரே ஒரு நாள். அவங்க வந்துட்டுப் போற வரிக்கும் இன்னா நடந்தாலும் கோவப்படாத. எத்தக் குடுத்தாலும், இன்னா சொன்னாலும், நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லு. நீ கத்தினா இது நடக்காது."

அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. என் மகள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. என்னோடு வளர்ந்தவள். அதனால் எனக்கு உறைத்தது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

சத்தியத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு யோசனை வந்தது. வருகிறவர் டீக்காரர். அவர் பார்க்காத டீ ஏது? இந்த டீயைப் பார்த்திருக்கமாட்டார். நானே வளர்த்து, நானே போட்டு, என் கையாலேயே கொடுத்தால் ‘என்ன பொறுமையான மனுசன்’ என்று நினைப்பார். ஆனால் வைகாசியில் பூ இருக்காது. வெயில் ஏறினால் செடி காய்ந்துவிடும். ஆகவே இப்போதே பறித்துக் காயவைத்து எடுத்துவைக்க வேண்டும்.

காலையில் பனி உலர்ந்ததும் போவேன். விரல்களைச் சீப்பு மாதிரி விரித்துக் காம்புக்குள் விட்டு இழுத்தால் பூ மட்டும் கையோடு வரும். இதழ் விரிந்து லேசாகக் கீழே மடங்கத் தொடங்கிய பூதான் சரியான பூ. ஒரு முறம் நிறையப் பறித்து வசந்தாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள். நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். இருநூற்று எண்பத்து ஏழாவது சுற்று.

"இத்த எப்பிடிக் காயப்போடறது?"

எண்ணிக்கை போய்விட்டது. காயில் கட்டுகிறவனுக்கு எண்ணிக்கை போவது என்ன என்று மற்றவர்களுக்குப் புரியாது. எல்லாவற்றையும் பிரித்து முதலில் இருந்து சுற்றவேண்டும்.

"வேப்பம்பூ எப்பிடிக் காயப்போடுவ?" என்று கத்தினேன்.

"அது எனக்குத் தெரியும்."

"அப்ப அது மாதிரியே போடு. கெட்டுப்போவாம வருசத்துக்கும் நிக்கணும். மேல ஒரு வார்த்த கேக்காத."

"கேக்கல சாமி."

இந்த இடத்தில், இதைப் படிக்கும் பெண்களில் சிலர் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். ஆண்களுக்காக விளக்குகிறேன். சில வீடுகளில் வேப்பம்பூவைச் சும்மா காயவைத்து எடுத்துவைப்பார்கள். வசந்தா திருநாவலூர்ப் பக்கத்துக்காரி. அவள் வீட்டு வழக்கம் வேறு. சுண்டைக்காய், மிளகாய், கொத்தவரங்காய், வேப்பம்பூ எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்: உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைக்க வேண்டும். பகலில் எடுத்து வெயிலில் காயப்போட வேண்டும். சாயங்காலம் மறுபடி மோரில் போடவேண்டும். மோர் தீரும் வரைக்கும் இப்படியே. அப்புறம் வத்தலாக டப்பாவுக்குப் போகும். வேண்டும்போது எண்ணெயில் வறுக்கலாம்.

அந்த வேப்பம்பூ வத்தலை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து தின்றுகொண்டிருக்கிறேன். அது எப்படி ஆகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. மரத்திலிருந்து உப்போடு விழுகிறது என்று நினைத்திருப்பேன் போல.

கெமோமைலை நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும், வெயில் கூடாது என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. கத்துவதற்கு மட்டும் இருந்தது. நாலைந்து நாள் வாசலில் வெள்ளைத் துணியில் பூ காய்ந்ததைப் பார்த்தேன். புளித்த வாடையும் வந்தது. மோர் மிளகாய் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு எவர்சில்வர் டப்பாவை என்னிடம் நீட்டினாள். மூடிய டப்பாவை வாங்கி, சம்பந்தி வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, பரணில் வைத்துவிட்டேன். நானும் தொடவில்லை. அவ்வளவு பொறுப்பு.

வைகாசியில் வந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கார் சுற்றிச் சுற்றி ஏறியதில் பையனின் அம்மா தனலட்சுமிக்கு வயிறு புரட்டிவிட்டது. இறங்கி, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே உட்கார்ந்தார். கலியமூர்த்தி பெரிய உருவம், பெரிய மீசை. சத்தம் போடுகிற ஆளாக இருப்பார் என்று பயந்தேன். அவரோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பலாச்சுளை வைத்தோம். "நல்லாருக்குதுங்க" என்றார். வீட்டைப் பார்த்தார். "நல்லாருக்குதுங்க." காரில் மலை ஏறி வந்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரோடு நல்லாருக்குதுங்க." ரோடு நன்றாக இல்லை. குழியில் வண்டி விழுந்து அவர் தலை மேலே இடித்து நெற்றி சிவந்திருந்தது. என்ன பொறுமைசாலி என்று நினைத்தேன். பக்கத்தில் தினகரன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நம்ம தோட்டத்துப் பூவுல ஒரு டீ போடறேன். நீங்க குடிச்சே இருக்கமாட்டீங்க" என்று எழுந்தேன்.

சமையல்கட்டில் தண்ணீர் கொதித்தது. டப்பாவைத் திறந்தேன். பூ பழுப்பாகச் சுருங்கி, மேலே வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. மகரந்தம் என்று முடிவு செய்தேன். வாடை கொஞ்சம் காட்டமாக இருந்தது. காய்ந்தால் சத்து ஏறும் என்று அதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். இரண்டு கை அள்ளிப் போட்டேன். தண்ணீர் கலங்கியது. நிறையத் தேன் விட்டேன். தட்டில் கண்ணாடி கிளாஸ்களை வைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினால் வாசற்படியில் வசந்தா.

"இன்னா அது? எதுல போட்ட?"

"டீ. வழிய வுடு."

"அந்த டப்பாவுலயா? ஏங்க, அது வந்து…"

"ஆளுங்க இருக்கறாங்க. பேசாத."

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். நான் முறைத்தே அதை மூடவைத்தேன். அவள் ஒதுங்கிக்கொண்டாள். அப்போது அவள் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு இருந்தது என்று இன்றும் சொல்வேன். அவள் ஒப்புக்கொள்வதில்லை.

வயிறு சரியில்லை என்று தனலட்சுமி வேண்டாம் என்றுவிட்டார். கலியமூர்த்தி வாங்கி ஒரு வாய் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. மீசை ஒரு தடவை துடித்தது.

"நல்லாருக்குதுங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் ஒரு வாய் குடித்தேன்.

உப்பு. அதற்கு மேல் புளிப்பு. அதற்குள்ளே தேன். கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. வாயில் இருந்ததை விழுங்குவதா, துப்புவதா? துப்பினால் கதை முடிந்தது. விழுங்கினேன்.

முதலில் வந்தது வெட்கம். அது ஒரு நொடிதான். அப்புறம் வழக்கமானது வந்துவிட்டது. இந்த ஆள் வாழ்நாள் முழுக்க டீ விற்றவர். இதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார். என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறார். டீ மோசம் என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பொய்தான் என்னை எரித்தது. ஆனால் சுகன்யா கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றேன். இது உபசாரம் இல்லை. சோதனை.

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

"ஊத்துங்க" என்றார்.

ஊற்றினேன். குடித்தார். நான் குடித்தேன். அவர் குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, அவருக்கும் எனக்கும். இரண்டு பெரிய மனிதர்கள் எதிர் எதிரே உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் முறைத்தபடி, மரியாதையாக உப்புத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"அப்பிடி இன்னா டீ, ரெண்டாந்தபா வாங்கிக் குடிக்கற?" என்று தனலட்சுமி அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஒரு வாய் வைத்தார். வைத்த வேகத்தில் ஜன்னலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "இன்னாங்க இது, மோர் மொளகா ஊறவச்ச தண்ணியா?"

"வத்தலுங்க அது" என்றாள் வசந்தா.

அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். "ஏண்டி, டீக்குன்னு குடுத்த பூவ வத்தலா போட்டியா?"

"டீக்குன்னு எப்ப சொன்ன? வேப்பம்பூ மாதிரி போடுன்னு சொன்னது யாரு? மேல கேக்காதன்னது யாரு?"

அதே நேரத்தில் கலியமூர்த்தியும் எழுந்து மகனைப் பிடித்துக்கொண்டார். வீட்டு ஓடு அதிர்ந்தது. "டேய், வாயத் தொறக்காத, எத்தக் குடுத்தாலும் நல்லாருக்குதுன்னு சொல்லு, நீ கத்தினா இது நடக்காதுன்னு சொல்லி இட்டாந்தியே. ரெண்டு கிளாசு குடிச்சிருக்கேன்டா. கொடலு வத்தலாயிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "யோவ், நீ ஒரு வாயி குடிச்சல்ல? குடிச்சிட்டுத்தான எனக்கு ரெண்டாவது கிளாசு ஊத்துன?"

"நீ ஏன்யா நல்லாருக்குதுன்னு சொன்ன?"

"எம் புள்ள சொல்லச் சொன்னான்யா."

"எம் பொண்ணுந்தான்யா சொன்னா."

சுகன்யா "போச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போகவும் இல்லை. தினகரன் முதல் தடவையாகத் தரையிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது. ஒரு நாள் கேட்டாள். ஒரே ஒரு நாள். அதையும் நான் மோரில் போட்டுவிட்டேன்.

கலியமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வசந்தாவிடம் திரும்பி, "அந்த டப்பாவக் கொண்டாம்மா" என்றார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"மோரு நல்லாப் புடிச்சிருக்குது. இது வத்தலு. நல்ல வத்தலு. இத்தப் போயி சுடுதண்ணியில போட்டிருக்குது பாரு இந்தாளு."

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். நல்லெண்ணெய் எங்கே என்று கேட்டார். சட்டி சரியில்லை என்று சொன்னார். அடுப்பைக் குறைத்து, பூவைப் போட்டு, ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தார். வீடெல்லாம் ஒரு மணம். விருந்துக்கு வடித்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு, மேலே அதை நொறுக்கிப் போட்டு, முதல் தட்டை என்னிடம் நீட்டினார்.

"சாப்புட்டுப் பாத்து உள்ளதச் சொல்லு. நல்லாருக்குதுன்னு சொன்ன, தட்ட தூக்கி அடிச்சிருவேன்."

சாப்பிட்டேன். "கொஞ்சம் கருகிப்போச்சி" என்றேன்.

"ஆமா, சட்டி லேசு" என்றார். அவரும் தட்டோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உப்பும் ஜாஸ்தி." வசந்தா உள்ளிருந்து, "உப்பு கம்மியானா பூசணம் புடிக்கும்" என்றாள். "அதுவும் சரிதாம்மா" என்றார்.

இரண்டாவது தட்டு போட்டுக்கொண்டபோது மனைவியிடம் சொன்னார்: "தனம், மூஞ்சிக்கு நேரா குத்தம் சொல்றாரு இந்தாளு. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. காலையிலேர்ந்து பல்லக் கடிச்சிக்கினு இருந்ததுல தாடையே வலிக்குது. நாள் பாரு."

ஆவணியில் கல்யாணம். பந்தியில் கெமோமைல் வத்தல் வைக்கவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அந்த வருடம் பூ தீர்ந்துவிட்டது என்று சொன்னதற்கு என்னோடு சண்டை போட்டார். சந்தோஷமாக இருந்தது.

இப்போது வருடா வருடம் இரண்டு பாத்தி போடுகிறேன். ஒரு பாத்திப் பூவை நானே நிழலில் பரப்பி, இதழை நசுக்கினால் பொடியாக உதிரும்வரை காயவைத்து, டீக்கு எடுத்துவைக்கிறேன். இன்னொரு பாத்தி வசந்தாவின் மோருக்கு. டீ குடித்துக் கோபம் குறைந்ததா என்று கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் இரண்டு வீட்டிலும் சாப்பாட்டை யாரும் ‘நல்லாருக்குது’ என்று சொல்லமுடியாது. சொன்னால் சமைத்தவர் முகம் செத்துவிடும், தட்டை எடுத்து மோந்து பார்ப்பார்கள். விவரம் தெரியாத ஒரு உறவுக்காரர் போன தீபாவளிக்கு உளுந்தூர்பேட்டை வீட்டில் குழம்பைப் புகழ்ந்துவிட்டார். கலியமூர்த்தி குழம்பைக் கொண்டுபோய்க் கீழே ஊற்றப் போனார், பிடித்து நிறுத்தினோம். அப்புறம் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். நான் தொட்டு நக்கினேன்.

"புளி கம்மி. கறி இன்னும் வேவணும். காரம் வாயில வைக்க முடியல" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. "பாத்துக்கோ, சம்பந்தின்னா இதான்" என்று அந்த உறவுக்காரரிடம் சொல்லிவிட்டு, என் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினார்.